ஒப்புக்கொடுத்த வாழ்வு: வைத்தியர் ஐடா ஸ்கடர் (1870–1960)

எமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில் வெளிவரும் இம்மலருக்கு, பெண்கள் கல்விக்கும் சேவைக்கும் தம்மை அர்ப்பணித்த ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். வைத்தியர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையாரைத் தெரிந்தெடுத்தோம். எமது களுதாவளையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வேலூர் என்ற பெயரை அறியாதவர் குறைவு. வருத்தக்காரரைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து அந்த வைத்தியசாலைக்குப் போய்வந்த குடும்பங்கள் மட்டக்களப்பில் இருக்கின்றன. ஆனால் அந்த வைத்தியசாலையைத் தொடங்கியவர், இளவயதில் இந்தியாவில் தங்கவோ ஊழியம் செய்யவோ சற்றும் விரும்பாத ஒருவர் என்பதை அறிந்தவர் அதிகம் இல்லை.

அவரைத் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேவசித்தம் என்ற சொல்லை எமது பகுதியில் நாம் பெரும்பாலும் சாவீட்டிலேதான் கேட்கிறோம். 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பின்னும், யுத்த காலத்திலும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னும் அச்சொல் எத்தனையோ வீடுகளில் சொல்லப்பட்டது. ஆறுதலுக்காகச் சொன்னார்கள், குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அது பேச்சை முடித்துவைக்கும் சொல்லாகவே எம்மிடம் பழகிவிட்டது. ஐடா அம்மையாரின் வாழ்விலோ அச்சொல் ஒரு வேலையைத் தொடக்கிவைத்த சொல். இந்த வேறுபாட்டை எமது சகோதரிகள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணத்தில் தொடங்கிய குடும்பம்

ஸ்கடர் குடும்பத்தின் கதை இந்தியாவில் தொடங்கவில்லை. எமது நாட்டில் தொடங்கியது. ஐடாவின் பாட்டனார் வைத்தியர் ஜோன் ஸ்கடர் நியூயோர்க் நகரில் நன்றாகத் தொழில் செய்துகொண்டிருந்தவர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் கையில் அகப்பட்ட ஒரு சிறு பிரசுரத்தை வாசித்ததே அவரது வாழ்வின் திசையை மாற்றியது என்பர். 1819இல் மனைவியாருடன் கப்பலேறி இலங்கைக்கு வந்த அவர், பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியமும் ஊழியமும் செய்தார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதலாவது வைத்திய மிஷனரி அவரே. 1836இல் அவர் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். அதற்கு முன்னைய ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த மகனே ஐடாவின் தந்தையார், இரண்டாம் ஜோன் ஸ்கடர்.

அக்காலத்தில் இப்படி வந்தவர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதை மட்டக்களப்பார் அறிவர். 1814இல் எமது நகருக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், வரும் வழியிலேயே கப்பலில் மனைவியைப் பறிகொடுத்தவர். அடுத்த வருடம் அவரும் இங்கேயே கண்மூடினார். ஒரு வருடமும் நிறையாத அந்த ஊழியத்தில் அவர் தொடக்கிய பாடசாலைப் பணியின் நிழலில்தான் எமது பகுதியில் எத்தனையோ தலைமுறை எழுத்தறிந்தது.

ஜோன் ஸ்கடரின் ஆண்மக்கள் ஏறக்குறைய எல்லோருமே மிஷனரிமாராயினர். பேரப்பிள்ளைகளிலும் பலர் அவ்வழியே சென்றனர். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அது எங்கே போய் என்ன செய்யும் என்பதை ஊரே முன்கூட்டிச் சொல்லிவிடும். ஐந்து ஆண்பிள்ளைகளுக்குப் பின் ஒரேயொரு பெண்பிள்ளையாக, 1870ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா.

விரும்பாத பிள்ளை

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது ஐடாவுக்கு ஆறு ஏழு வயது. மிஷன் வளவில் கூடிய பட்டினிப் பிள்ளைகளுக்குப் பாணைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து வாயில் ஊட்டும் வேலை அந்தச் சிறுமிக்குக் கொடுக்கப்பட்டது. தாமாக எடுத்துண்ணவும் வலுவற்ற பிள்ளைகள் அவர்கள். வீதியோரங்களில் இறந்து கிடந்தோரையும் அக்கண்கள் கண்டன. அந்த வயதில் இதைக் கண்ட பிள்ளை இந்தியாவை நினைத்தாலே அஞ்சியதில் வியப்பில்லை.

பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. தந்தையார் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்ப, சில காலத்தின் பின் தாயாரும் அவரைத் தொடர்ந்தார். ஐடா சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாயார் புறப்பட்ட அன்று அவர் அழுத அழுகையை வயதான காலத்திலும் மறக்கவில்லையாம். யுத்த காலத்தில் பெற்றோரைப் பிரிந்து விடுதியிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்த எமது சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊழியம் என்பது தாயைத் தன்னிடமிருந்து பறித்த ஒன்று என்றே அந்தப் பிள்ளையின் மனதில் பதிந்தது.

பிரபல சுவிசேஷகர் மூடி அவர்கள் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நடத்திய நோர்த்பீல்ட் பெண்கள் பாடசாலையில் ஐடா படித்தார். துடுக்கும் சிரிப்பும் நிறைந்த மாணவி. டென்னிஸ் விளையாட்டில் கெட்டிக்காரி. ஸ்கடர் குடும்பத்துப் பெண் என்றபடியால் அவரும் மிஷனரியாகவே போவார் என்று தோழியர் பேசிக்கொண்டபோது, அது தன் வாழ்வில் நடக்காது என்று உறுதியாக மறுத்தார். அமெரிக்காவிலேயே இருக்க வேண்டும், நல்ல இடத்தில் திருமணமாக வேண்டும், வசதியாக வாழ வேண்டும் என்பதே அவரது ஆசை. அந்த ஆசையில் தீமை எதுவும் இருக்கவில்லை. எமது வகுப்பறைகளில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் இருந்த ஆசைதான் அது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890இல் தாயார் நோயுற்றிருக்கும் செய்தி வந்தது. ஐடா இந்தியாவுக்குப் புறப்பட்டார். தாயாரைப் பராமரித்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவதே திட்டம். பெற்றோர் அப்போது தென்னார்க்காட்டில் திண்டிவனத்தில் இருந்தனர்.

அங்கே ஓர் இரவு அவர் தனித்திருந்தபோது கதவடியில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி பிள்ளைப்பேற்று வேதனையில் கிடக்கிறாள்; மருத்துவிச்சி கைவிட்டுவிட்டாள்; ஐடா வந்து உதவ வேண்டும் என்று மன்றாடினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தன் தந்தையாரே வைத்தியர், அவரை அழைத்துச் செல்லும்படி ஐடா சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று கூறி அவர் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் அன்பர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. அதன்பின் மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடிந்தபோது பறைமேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர். ஏறத்தாழத் தன் வயதை ஒத்த, அல்லது தன்னிலும் இளைய மூன்று பெண்கள். அன்று காலை அவர் பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா போய் வைத்தியம் படித்து, இந்தியப் பெண்களுக்கு உதவத் திரும்பி வரப்போவதாக அறிவித்தார்.

இச்சம்பவம் பல ஆலயங்களில் பிரசங்கமாகச் சொல்லப்பட்டதுண்டு. சொல்லும்போது சிலர், ஐடாவை அழைப்பதற்காகக் கடவுள் அந்த மூன்று பெண்களையும் எடுத்துக்கொண்டார் என்று முடிப்பர். வைத்தியர் என்ற முறையில் அப்படிச் சொல்ல எமக்கு நா எழவில்லை. அந்த மூவரும் இறந்தது, பெண்ணைப் பார்க்க ஒரு பெண் வைத்தியர் அவ்வூரில் இல்லாததால். தடைப்பட்ட பிரசவமும், நிற்காத குருதிப்பெருக்கும் அன்றைய மருத்துவத்தாலும் பல வேளை தீர்க்கக்கூடியவையே. நாம் விளங்கிக்கொண்ட அளவில், அந்த மரணங்கள் தேவசித்தம் அல்ல. இனி அப்படி நடக்கக்கூடாது என்று ஓர் இளம் பெண்ணின் உள்ளத்தில் எழுந்த உறுதியே தேவசித்தம். ஐடாவும் அப்படித்தான் விளங்கியிருக்க வேண்டும். மூன்று மரணங்களையும் ஆண்டவருடைய விருப்பம் என்று ஏற்றிருந்தால், அவர் ஜெபித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருப்பார்.

சிறுவன் சாமுவேலை ஆண்டவர் கூப்பிட்டபோது, அது ஏலியின் குரல் என்று எண்ணி அவன் மூன்று முறை எழுந்து ஓடினான் என்று வேதாகமம் சொல்கிறது. மனிதக் குரல் போலவே கேட்டபடியால் அவனுக்கு விளங்கவில்லை. ஐடாவுக்கும் அழைப்பு மனிதக் குரலிலேயே வந்தது. கிறிஸ்தவர் அல்லாத மூன்று ஆண்களின் குரலில் வந்தது.

வேலூரில் ஒரு கட்டில்

1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஐடா, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களையும் ஏற்கத் தொடங்கியதும் இறுதி வருடத்துக்கு அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். இந்தியா புறப்படுமுன் பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்றுக்குப் பணம் திரட்டும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. நியூயோர்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டொலர் கொடுத்தார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூரில் தந்தையாரின் பங்களாவில் ஒரு சிறு அறையில், ஒரேயொரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கியது. தந்தையாரின் பக்கத்தில் நின்று தொழில் பழகலாம் என்பதே அவரது எண்ணம். ஆனால் அந்த ஆண்டிலேயே தந்தையார் காலமானார். புதிதாகப் பட்டம் பெற்ற ஒரு பெண், கேட்டுத் தெளிய மூத்தவர் ஒருவரும் இல்லாமல், நம்பிக்கையற்ற ஊரில் தனித்து நின்றார். வைத்தியத் தொழிலில் முதல் வருடத்தைக் கடந்த எவருக்கும் அந்தத் தனிமை விளங்கும். தொடக்கத்தில் வந்தவர்கள் சிலரே. பின்னர் ஒவ்வொருவராக வந்து, திண்ணையும் முற்றமும் நிறைந்தன. வீட்டில் இருந்த ஒரு பெண்ணையே உதவிக்கு நிறுத்திச் சத்திரசிகிச்சை செய்தார்.

1902இல் ஷெல் அம்மையார் நினைவு வைத்தியசாலை 40 கட்டில்களுடன் திறக்கப்பட்டது. ஆனால் வைத்தியசாலை வரைக்கும் வர முடியாதவர்களே அதிகம் என்பதை ஐடா விரைவில் கண்டார். ஆகவே 1906ஆம் ஆண்டளவில் வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் வீதியில் மாட்டு வண்டியில் புறப்பட்டு, புளியமரத்தடியிலும் ஆலமரத்தடியிலும் நின்று மருந்து கொடுக்கத் தொடங்கினார். பின்னர் ஒரு சிறு மோட்டார் கார் கிடைத்தது. அதற்கு முன் கார் காணாத கிராமத்தார் அதைப் பேய் என்று எண்ணி ஓடினராம். ஓடியவர்களே பின்னர் கார் வரும் நாளைப் பார்த்து வீதியோரத்தில் காத்திருந்தனர். எமது கிராமங்களில் இன்று நடைபெறும் நடமாடும் வைத்திய முகாம்களை நாம் காணும்போதெல்லாம் குடியாத்தம் வீதி எமது நினைவுக்கு வருவதுண்டு.

இரவு பகல் உழைத்தாலும் ஒருவரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஐடா மற்றவர்களை ஆளாக்குவதில் மனம் வைத்தார். 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. அடுத்ததாகப் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பாடசாலை வேண்டும் என்றார். மாணவியர் மூவர் கிடைத்தாலே பெரிது என்று அரச மருத்துவ அதிகாரி கருதினார். 1918ஆம் ஆண்டு ஓகஸ்ற் 12ஆம் திகதி பாடசாலை திறந்தபோது, வந்த விண்ணப்பங்கள் இருந்த இடத்துக்கு மேலாகவே இருந்தன. முதலாம் வருடப் பரீட்சையில் சென்னை மாகாணத்தின் ஆண் மாணவர்கள் பலர் தவறியபோது, வேலூர் மாணவியர் எல்லோரும் சித்தியடைந்தனர். 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் வைத்தியர்களாக வெளியேறினர். திண்டிவனத்தில் ஒரு கதவைத் தட்டிய மூவருக்கும் கொடுக்க முடியாமற்போன விடையை, 32 ஆண்டுகளின் பின் ஐடா கொடுத்தார். 14 கதவுகள் திறந்தன.

இரண்டாவது ஒப்புக்கொடுத்தல்

பெரும்பாலான வரலாறுகள் இத்துடன் வேகமாக முடிவுக்கு வந்துவிடும். எமக்கோ இதற்குப் பின் நடந்ததே அதிகப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. இளமையில் ஐடா கைவிட்டது தன் சொந்த ஆசையை. முதுமையில் அவர் கைவிட வேண்டியிருந்தது, கடவுளுக்காகவே வளர்த்த ஆசையை.

1930களின் பிற்பகுதியில் சென்னை அரசு மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்த முடிவு செய்தது. வேலூர் கொடுத்துவந்த தராதரப் பத்திரம் இனிச் செல்லாது. பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் கற்பிக்கும் கல்லூரியாக மாற வேண்டும், அன்றேல் மூட வேண்டும். கூடுதலான கட்டில்கள், ஆய்வுகூடங்கள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் எல்லாம் தேவைப்பட்டன. பெண்களுக்கு மட்டுமான ஒரு சிறு கல்லூரி இவ்வளவையும் தனியே தாங்க முடியாது. பல திருச்சபைகளும் சேர்ந்து பொதுவான ஒரு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை வேலூரில் கட்டியெழுப்பலாம். ஆனால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது.

ஐடாவின் வாழ்வே பெண்களுக்கான கல்லூரிதான். அதற்கு நிதி தந்தவர்கள் அமெரிக்கத் திருச்சபைகளின் பெண்கள். சில்லறையாகச் சேர்த்து, பெண்களுக்கென்றே அனுப்பியவர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிப் பல ஆண்டுகள் அவருக்குத் தோள்கொடுத்த லூசி பீபொடி அம்மையார் இந்த மாற்றத்துக்கு இணங்கவில்லை. அது நியாயமற்ற எதிர்ப்பும் அல்ல. ஆண்கள் உள்ளே வந்தால் பெண்களின் இடம் குறையும் என்ற அச்சம் எக்காலத்துக்கும் உரியது. ஒரு பக்கம் பழைய தோழியும் வாக்குக் கொடுத்த பணியும். மறுபக்கம் மூடப்படப்போகும் கல்லூரி. எந்தப் பக்கம் கடவுளின் பக்கம் என்று எழுதி வைத்திருக்கவில்லை. இம்முறை இரவில் யாரும் வந்து கதவைத் தட்டவும் இல்லை.

1941இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஐடா நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். சில ஆண்டுகள் நகரம் நகரமாக அலைந்தார். நீண்ட மனப்போராட்டத்தின் பின், ஆண்களையும் சேர்க்கும் திட்டத்துக்குச் சம்மதித்தார். பழைய நட்புகளில் விழுந்த கீறல் அவருக்கு ஆறாத வேதனையாயிற்று. 1942இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் முதன்முறையாக ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். தாதியர் பாடசாலையும் 1946இல் பட்டக் கல்லூரியாக உயர்ந்தது.

கதவு அகலத் திறந்ததால் உலகெங்குமிருந்து நிபுணர்கள் வேலூருக்கு வந்தனர். சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட் 1946இல் வந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சத்திரசிகிச்சையால் மீண்டும் விரியச் செய்யும் வழியை அவர் அங்கேதான் கண்டார். எமது வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலையைக் கண்டு வளர்ந்த எமக்கு, அந்தக் கண்டுபிடிப்பின் பெறுமதி தெரியும். அவருடைய வழியில் வந்தவர் வைத்தியர் மேரி வர்கீஸ். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்த பெண்மணி. பெண்களின் இடம் குறையும் என்ற அச்சத்துக்கு மேரி வர்கீஸ் ஒருவரே போதிய விடை.

மூன்றாவது

கட்டியெழுப்பியவர்களுக்கு எல்லாவற்றிலும் கடினமானது கையை எடுப்பதே. சங்கங்களிலும் பாடசாலைகளிலும் ஆலயச் சபைகளிலும் நாம் அதைக் கண்டிருக்கிறோம். ஐடா 1946இல் ஓய்வுபெற்றார். சில காலத்தில் வைத்தியர் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். அந்நியப் பெண்மணி ஒருவர் தொடங்கிய பணி, அந்த மண்ணின் பெண்மணி ஒருவரின் கைக்கு வந்தது. ஐடா கொடைக்கானலில் தம் வீட்டுக்குப் போய், தோட்டமும் ஜெபமும் கடிதங்களுமாக இருந்தார். வயது சென்ற பின்னும் டென்னிஸ் மட்டையை விடவில்லை. ஒப்புக்கொடுத்த வாழ்வு என்றால் சிரிப்பும் விளையாட்டும் அற்ற வாழ்வு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைப் பருவத்தில் அவருக்கு இருந்த துடுக்கை ஆண்டவர் பறித்துக்கொள்ளவில்லை. அதை வைத்தே வேலை வாங்கினார்.

1960ஆம் ஆண்டு மே மாதம், தமது தொண்ணூறாவது வயதில், கொடைக்கானலில் அவர் காலமானார். வேலூரில் நல்லடக்கம் நடந்தபோது இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமின்றி நகரமே திரண்டது.

எமக்கு

இந்த வாழ்க்கையைப் படிக்கும்போது எமது பாடசாலையில் படித்த பெண்களை நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆசைகளை விட்டுக்கொடுப்பது பெண்களுக்குப் புதிய பாடம் அல்ல. பிறந்த வீட்டில் தம்பிமாருக்காகவும், புகுந்த வீட்டில் மற்றவர்களுக்காகவும், யுத்தத்தில் உயிருக்காகவும் விட்டுக்கொடுத்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! படிப்பை நிறுத்தச் சொன்னபோதும், விரும்பாத திருமணத்துக்குச் சம்மதிக்கச் சொன்னபோதும், அடி வாங்கிக்கொண்டு பொறுத்துப்போகச் சொன்னபோதும், அதுவே கடவுளின் சித்தம் என்று சில பெண்களுக்குச் சொல்லப்பட்டதை நாம் அறிவோம். எமது வைத்திய அறையில் அந்தப் பெண்களைச் சந்தித்தும் இருக்கிறோம். ஆகவே ஒப்புக்கொடுத்தல் பற்றி எழுதும்போது எழுத்தாணியைக் கவனமாகவே பிடிக்க வேண்டியிருக்கிறது.

மனிதர்கள் தம் வசதிக்காக ஒரு பெண்ணிடம் கேட்கும் விட்டுக்கொடுப்பு வேறு. ஒருத்தி தன் முழு மனதோடு ஆண்டவரிடம் கொடுக்கும் ஒப்புக்கொடுப்பு வேறு. வேறுபாட்டை அறிய ஐடாவின் வாழ்வில் இரண்டு அடையாளங்களைக் காண்கிறோம். முதலாவது, அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மிஷனரிக் குடும்பம் பல ஆண்டுகள் எதிர்பார்த்தும் அவர் இணங்கவில்லை. தானே கண்டு, தானே முடிவெடுத்தபோதே போனார். இரண்டாவது, அவருடைய ஒப்புக்கொடுத்தலால் மற்றப் பெண்களுக்கு உயிர் கிடைத்தது. ஒரு பெண்ணின் தியாகத்தால் அவளும் சுருங்கி, அவள் மகளும் சுருங்கினால், அதன்மேல் ஆண்டவருடைய பெயரை எழுதுவதற்கு முன் நாம் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும்.

கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் ஜெபத்தையும் இவ்விடத்தில் நினைக்கலாம். தமக்கு விருப்பமே இல்லை என்பதுபோல அவர் ஜெபிக்கவில்லை. தம் விருப்பத்தை முதலில் வெளிப்படையாகச் சொன்னார். வியர்வை சிந்தச் சொன்னார். அதன்பின்னரே பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கொடுத்தார். தன் விருப்பம் இன்னதென்று சொல்லக்கூடிய ஒருவரே அதைக் கொடுக்கவும் கூடியவர். பெண்பிள்ளைகளுக்குத் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக் கற்பிப்பது ஒப்புக்கொடுத்தலுக்கு எதிரானது அல்ல, அதன் முதற்படி. மிஷன் பாடசாலைகள் எமது பகுதிக்குச் செய்த பெரிய நன்மை அதுவே என்று எண்ணுகிறோம். சைவப் பிள்ளைகளாகக் களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பாடசாலைக்கு வந்தோரும், ஞாயிறு ஆராதனைக்குப் போனோரும் ஒரே வாங்கில் இருந்து அந்தப் பாடத்தைக் கற்றோம்.

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஏறத்தாழ முப்பது நாற்பது என்ற அளவில் நிற்கிறது. இது வானத்திலிருந்து இறங்கியது அல்ல. வெற்றிலைத் தோட்டங்களுக்கும் வாவிக்கும் இடையிலான மணல் ஒழுங்கைகளில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களும், இரவுக் கடமையில் விழித்திருந்த தாதியரும், தாய்மாரைச் சரியான நேரத்தில் அனுப்பிவைத்த கிராமத்துப் பெண்களும் சேர்ந்து செய்தது. அவர்களுள் எமது பழைய மாணவியரும் உள்ளனர். அவர்கள் பெயரை யாரும் கல்லில் பொறிக்கவில்லை. ஆயினும் திண்டிவனத்து மூன்று பெண்களுக்கும் கிடைக்காத உதவி, எமது ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் கையால் கிடைத்தது.

இம்மலரை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் மட்டக்களப்பிலும் இருந்து வாசிக்கும் சகோதரிகள் எல்லோரும் வைத்தியர்கள் அல்லர்; ஆக வேண்டியதும் இல்லை. ஒருத்திக்கு அழைப்பு வயோதிபத் தாயின் படுக்கையருகே வரலாம். இன்னொருத்திக்கு வகுப்பறையிலோ கணக்கு அலுவலகத்திலோ வரலாம். ஐம்பது வயதில், தான் கட்டிய ஒன்றை இளையவர் கையில் கொடுத்துவிட்டு விலகும் வேளையிலும் வரலாம். ஐடாவுக்கு ஒரே வாழ்வில் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு உருவில் வந்தது. நூறு ஆண்டு கண்ட எமது சங்கம் அடுத்த நூற்றாண்டுக்குள் காலடி வைக்கும்போது, இல்லாத வைத்தியருக்காக ஒரு தாயும், இல்லாத ஆசிரியைக்காக ஒரு பிள்ளையும் காத்திருக்கும் இடங்கள் எமது வாவிக்கரையில் இன்னும் உள்ளன. அவற்றை விதியென்று விட்டுவிடாமல், எம்மால் ஆனதை ஆண்டவர் கையில் கொடுக்க அவர் எமக்கு அருள்புரிவாராக.

– பழைய மாணவி, வைத்தியர், களுதாவளை